பன்னிரண்டு பங்கு வெளிச்சம்

“ஆறு பேரும் நாற்பதுங்கிறாங்க மேடம். எனக்கு மட்டும் ஐம்பத்திரண்டு வருது.”

இருதயராஜ் உட்காரக்கூட இல்லை.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியை மங்கையர்க்கரசி அவரைவிட இரண்டு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். கல்லூரியே சிரித்தது. சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். ஏழு பேர் ஏழு கணினி மாதிரிகள் எழுதியிருந்தார்கள். ஏழுக்கும் ஒரே கற்பனை மேகம். மேலிருந்து நூறு பங்கு வெயில் விழுந்தால், மேகத்துக்குள் முட்டி மோதி, நாலா பக்கமும் சிதறி, தரைக்கு எத்தனை பங்கு வந்து சேரும்?

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் விடைகளை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாத மாதிரியை நீக்கிவிடுவார்கள். நீக்கினால் இருதயராஜின் ஐந்து வருட உழைப்பும் பட்டமும் குப்பைக்கூடைக்குத்தான்.

“மேகத்தைச் சரியா குடுத்தீங்களா?”

“பதினோரு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரே ஒரு எண்ணை மாத்தினா நாற்பது வந்துடும் மேடம்.”

“எதுக்கு மாத்தணும்?”

“ஒத்துப்போறதுக்கு.”

“கல்யாணமா பண்ணிக்கப் போறீங்க, ஒத்துப்போறதுக்கு?”



மங்கையர்க்கரசி தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

“ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. மேகத்தோட பக்கவாட்டுல வெளியே வர்ற வெளிச்சம் அவங்க மாதிரியில எங்கே போகுதுன்னு கேளுங்க.”

முதல் ஆள் சொன்னார்: “அந்தப் பகுதி நான் எழுதலை சார். பழைய புரோகிராம் ஒண்ணு இருந்துச்சு, அப்படியே சேர்த்துக்கிட்டேன்.”

இரண்டாவது ஆள் சிரித்தார். “எங்கேயும் போகாது. அந்தப் பழைய புரோகிராம் அதைக் கணக்குல சேர்க்காது.”

“விட்டுட்டா தரைக்கு வர வேண்டிய பன்னிரண்டு பங்கு காணாமப் போயிடுமே?”

“எல்லாருக்கும்தானே சார் காணாமப் போகுது!”

மூன்றாவது ஆளும் பழசுதான் என்றார். நான்காவது ஆளும்.

ஐந்தாவது ஆளிடம் இருதயராஜ் கேட்டார், அந்தப் பழசை எழுதியது யார் என்று.

“மேலேயே பேர் போட்டிருக்கே சார், பார்க்கலையா?”

அவர் சொன்ன பேரைக் கேட்டதும் ரிசீவரை வைத்தார். ஆறாவது ஆளைக் கூப்பிடவில்லை.

“யாராம்?” என்றார் மங்கையர்க்கரசி.

“நீங்களாம். இருபது வருஷத்துக்கு முன்னாடி.”

“இருபத்திரண்டு. நீங்க ஏன் அதை எடுத்துக்கலை?”

“படிச்சேன், பேரைக் கவனிக்கலை. புரியலை. உங்ககிட்ட கேட்க வெட்கமா இருந்துச்சு. அதான் நானே எழுதிட்டேன்.”

மங்கையர்க்கரசி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

“அப்படின்னா?”

இருதயராஜ் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். “அப்படின்னா... தப்பு உங்களுது மேடம்.”

“கேட்கலை.”

அவர் நிமிர்ந்தார்.

“தப்பு உங்களுது மேடம்.”

“இன்னும் சத்தமா. வெள்ளிக்கிழமை அந்த ஹால்ல மைக் கிடையாது.”