ஜிலியின் தங்கைக்கு யார் பெயர்?

செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒரு தாய், பிறந்த குழந்தைக்கு யார் பெயரை வைப்பது என்று தெரியாமல் தவித்த கதை இது. முழுவதும் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

அவள் பெயர் சுகாந்தி. ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்து ஊர்க்காரி. மழை ஓய்ந்ததும் புருஷன் ஹரிபந்துவோடும் மூன்று வயது மகள் ஜிலியோடும் ரயிலேறி, திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளைக்கு வந்து சேர்ந்தாள். வயிற்றில் அடுத்த பிள்ளை. தமிழ் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டு ஜமுனாவும் ஒடியாக்காரிதான். பல வருஷமாக இங்கே வந்து போவதால் அவளுக்குத் தமிழ் சரளம். கடைக்குப் போனாலும் சரி, மேஸ்திரியிடம் பேசினாலும் சரி, சுகாந்திக்கு வாய் ஜமுனாதான். இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீர் பிடிப்பார்கள், சேர்ந்தே சமைப்பார்கள்.

சூளைப் பிள்ளைகளுக்காகப் பக்கத்திலேயே ஒரு பால்வாடி இருந்தது. மரகதம் டீச்சர் நடத்தி வந்தார். மாதம் ஒருமுறை நர்ஸ் அருள்மேரி வந்து பிள்ளைகளை எடைபோட்டு, ஊசி போட்டு, கண், பல் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். ஜிலி அங்கே யாரோடும் பேசவில்லை. பாஷை தெரியாத பிள்ளை, போகப் போகப் பேசிவிடும் என்று டீச்சர் நினைத்தார்.

உண்மை சுகாந்திக்குத் தெரியும். ஜிலி வீட்டிலும் பேசுவதில்லை. போன வருஷம் வேறு மாநிலத்துச் சூளையில் இருந்தபோது, சொன்னது எதையும் கேட்காத பிள்ளை என்று அங்கிருந்த குழந்தைகள் காப்பகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழியின்றிக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்தாள். சூடு ஆறாத சாம்பலை மிதித்து ஜிலியின் பாதம் வெந்துபோயிற்று. இதையெல்லாம் ஜமுனாவிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே. இங்கேயும் துரத்திட்டா நான் எங்க போவேன்?" என்றாள். ஜமுனாவும் சொல்ல மாட்டேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் நர்ஸ், சுகாந்தியைப் பால்வாடிக்கு வரச் சொன்னார். மொழிபெயர்க்க ஜமுனாவும் வந்தாள்.

"வீட்டுல பிள்ளை பேசுறாளா?" என்று நர்ஸ் கேட்டார்.

சுகாந்தி ஒடியாவில் பட்டென்று சொன்னாள். "நாள் பூரா பேசுறா, வாயே மூடுறதில்லன்னு சொல்லு."

ஜமுனா நர்ஸ் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில் சொன்னாள். "நாள் பூரா பேசுறா, வாயே மூடுறதில்லன்னு அவ சொல்லச் சொல்றா. இனி நான் சொல்றது என் பேச்சு. நான் பக்கத்து வீடு. அந்தப் பிள்ளை பேசி ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்ல நர்ஸம்மா."

சுகாந்திக்குப் பாஷை புரியவில்லை. நர்ஸின் முகம் மாறியது புரிந்தது. டார்ச் விளக்கால் ஜிலியின் காதைப் பார்க்கவும், ஜமுனா சொல்லிவிட்டாள் என்று சுகாந்திக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்ததும், "இனி என் வாசலை மிதிக்காதே" என்றாள். அன்றிலிருந்து சுகாந்தி தனியாகத் தண்ணீர் பிடித்தாள், தனியாகச் சமைத்தாள்.

மறுநாள் ஜிலியைப் பால்வாடிக்கு அனுப்பவில்லை. எப்படியும் துரத்தத்தானே போகிறார்கள் என்று சூளைக்கே கூட்டிப் போனாள். வெயில் ஏறும் நேரம், மரகதம் டீச்சர் சேற்று மண்ணை மிதித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். ஜிலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுகாந்தியின் கன்னத்தைத் தொட்டு, "நம்ம பிள்ளைம்மா இது. நான் விடுவேனா?" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு நர்ஸ் அருள்மேரி தாயையும் மகளையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது, காது சரியாகக் கேட்காததால்தான் பேச்சும் வரவில்லை. சின்ன ஆபரேஷன்தான். முதல் தடவை ஹரிபந்து பயந்து மறுத்தான். நர்ஸ் விடாமல் மறுபடியும் போய், அவன் சம்மதிக்கும்வரை உட்கார்ந்து பேசினார்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று டிராக்டர் சத்தம் கேட்டு ஜிலி திடுக்கிட்டுத் திரும்பினாள். சுகாந்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பங்குனிக்குள் ஜிலி பால்வாடியில் "முட்டை" என்று தமிழிலும், வீட்டில் தண்ணீருக்கு "பாணி" என்று ஒடியாவிலும் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஜிலிக்குப் பேச்சைக் கொடுத்தவர் பெயரையே இதற்கு வைப்பேன் என்றாள் சுகாந்தி.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யாரு? மேரின்னு வை" என்றான் ஹரிபந்து. "டீச்சர் தேடி வரலேன்னா பிள்ளை இன்னும் சூளையிலதான் கிடந்திருக்கும். மரகதம்னு வை" என்றார்கள் மற்றப் பெண்கள். சுகாந்தி அன்று சாயங்காலம், சண்டைக்குப் பிறகு முதல்முறையாக ஜமுனா வீட்டுக்குப் போய், உன் பேரை வைக்கட்டுமா என்று கேட்டாள். ஜமுனா மறுத்துத் தலையசைத்தாள். "என் பேர் வேண்டாம். உனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தாதவ நான்."

கேட்டவர்களே, சொல்லுங்கள். மேரியா, மரகதமா, ஜமுனாவா? குழந்தைக்கு யார் பெயரை வைப்பது சரி?

விடை: ஜமுனா. நர்ஸும் டீச்சரும் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அவர்கள் அதைச் செய்திருப்பார்கள், அதனால் அவர்கள் எதையும் இழக்கவுமில்லை. ஜமுனாவுக்குத் தோழி போய்விடுவாள் என்று தெரியும். தெரிந்தே பேசினாள். சுகாந்தி சொன்னதை மாற்றாமல் சொன்னாள். அவள் அழுது சொன்ன பழைய கதையை வெளியே விடவில்லை. பிள்ளை பேசித் தான் கேட்டதில்லை என்பதை மட்டும் தன் பேச்சாகச் சொன்னாள். வாக்கு உடைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், எந்தப் பிள்ளைக்காக வாக்கு வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளைக்காகத்தான் உடைந்தது. சுகாந்தியும் அப்படித்தான் முடிவு செய்தாள். ஊருக்குக் கிளம்புமுன் கைக்குழந்தையை எடைபோட வந்த நர்ஸ், "ஜமுனா!" என்று கூப்பிட்டார். பெரிய ஜமுனா, "என்னம்மா?" என்று எழுந்தாள். ஜிலி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இல்ல, பாப்பா!"