நன்னாரி தன் வாசத்தை மண்ணுக்குள் வைத்த கதை

அந்தக் காலத்தில், கொடிகளும் குருவிகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, நன்னாரிக்கு உள்ளங்கை அகலத்தில் ஊதாப் பூ இருந்தது. காடு முழுக்க அதன் வாசம்தான். ஒரு பூவைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுத்தால், உடம்புச் சூடு தணிந்து கொப்புளமெல்லாம் அமுங்கிவிடும்.

பறிக்க வருகிறவர்களிடம் கொடி ஒரே கேள்விதான் கேட்கும்: "எத்தனை பேருக்கு முடியல?" எத்தனை பேரோ அத்தனை பூ. விதைக்கென்று ஒரு மொட்டை மட்டும் இலைக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும்.

மலையடிவாரத்தில் மாதி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரே மகள், சிக்கி. சித்திரை வெயிலில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சூட்டுக் கொப்புளம் போட்டு, நீர் பிரியாமல் இரண்டு நாளாகக் கத்தியது. மாதி காட்டுக்குள் ஓடினாள்.

"எத்தனை பேருக்கு?"

"என் பிள்ளை ஒருத்திக்குத்தான் அக்கா."

"எடுத்துக்கோ. போகும்போது முள்ளு பாத்துப் போ. உன் காலைப் பாரு, ரத்தமா இருக்கு."

மறுநாளே பிள்ளை எழுந்து சட்டியை உருட்டி விளையாடியது. மாதி ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்து கொடியின் அடியில் ஊற்றினாள். அதிலிருந்து இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பத்து நாளில் ஊர்த் திருவிழா வந்தது. நாத்தனார் ரங்கி மாதியிடம் வந்தாள்.

"அண்ணி, மேலூர்க்காரிங்க தாழம்பூ வச்சிட்டு வர்றாளுங்களாம். நாம வேப்பிலையைச் சொருகிட்டுப் போறதா? நன்னாரிப் பூ கொண்டு வாங்க."

"அது மருந்துக்குத்தான் தரும்."

"உங்களுக்குமா? அக்கா அக்கான்னு உருகுறீங்களே, எல்லாம் வாய்ப்பேச்சுதானா?"

மாதிக்குச் சுருக்கென்றது. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எத்தனை பேருக்கு?" என்றது கொடி.

மாதி கூடைக்குள் பார்த்தபடி சொன்னாள், "நாப்பது பேருக்கு. ஊரே படுத்துக் கிடக்குது."

கொடி பதறிப்போனது. இந்தப் பக்கம் பறி, அந்தப் பக்கம் பறி என்று தானே காட்டிக் கொடுத்தது. எல்லாம் பறித்தும் முப்பத்தொன்பதுதான் வந்தது.

"இலைக்குள்ள ஒரு மொட்டு இருக்கு, அதையும் எடு. ஒரு உயிருக்கு மட்டும் இல்லைன்னு சொல்லவா?"

மாதியின் கை ஒரு நொடி நின்றது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மொட்டையும் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தேன்சிட்டு வந்து கிளையில் உட்கார்ந்தது. "ஊருக்குள்ள ஜனங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டது கொடி.

"யாரு, உன் நோயாளிங்களா? தலை நிறையப் பூ வச்சுக்கிட்டுக் கும்மி அடிக்கிறாங்க. மொட்டு மட்டும் சிறுசா இருக்குன்னு தெருவில போட்டுட்டாங்க."

மொட்டு இருந்த இலையைக் கொடி மெல்லச் சுருட்டிக்கொண்டது.

திருவிழா வெயிலில் அலைந்த சிக்கிக்கு மறுபடியும் உடம்பு கொதித்தது. ஊரில் தலைக்குத் தலை இருந்த பூவெல்லாம் சருகாகியிருந்தது. மாதி ஓடி வந்தாள்.

"அக்கா, பிள்ளை ஒருத்திக்குத்தான். இந்தத் தடவை நிஜமாவே முடியல."

"நாப்பது பேருன்னு சொன்னதையும் நிஜம்னுதானே நினைச்சேன்."

மாதி தரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

"உன் பிள்ளையை விட்டுட மாட்டேன். மிச்சமிருக்கிற வாசத்தை வேருக்கு இறக்கிட்டேன். இனி யாருக்கு வேணுமோ அவங்க குனிஞ்சு தோண்டிக்கட்டும். சும்மா தலையில வைக்கிறதுக்கு யாரும் மண்ணைத் தோண்ட மாட்டாங்க."

"பூவில்லாம, இத்தனை கொடியில உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இலை நடுவில வெள்ளையா ஒரு கோடு போட்டு வைக்கிறேன்."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. மாதி நகத்தாலேயே தோண்டினாள். வேரைப் பிடித்து இழுத்தபோது பாதியில் அறுந்தது. கைக்கு வந்ததைத் தட்டிக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொடுத்தாள். சிக்கி பிழைத்துக்கொண்டாள். பிறகு எத்தனையோ நாள் மாதி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். காற்றுக்கு இலை ஆடியது, அவ்வளவுதான்.

அன்று முதல்தான் நன்னாரியின் பூ, வெளியே பச்சையும் உள்ளே ஊதாவுமாக, மிளகளவுக்குச் சிறுத்து இலைக்கணுவில் ஒளிந்துகொண்டது. பூவை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, வேரைக் கீறித்தான் முகர வேண்டும். எவ்வளவு பதமாகத் தோண்டினாலும் அந்த வேர் பாதியில் அறுந்துவிடுகிறது. மீதிப் பாதியை அது இன்றுவரை யாரையும் நம்பிக் கொடுத்ததில்லை.