புதைசேற்றோரம் நின்ற கொடி

நாணல்பட்டினம் என்ற ஏரிக்கரை நகரத்தில் விலங்குகள் கூடி வாழ்ந்தன. ஏரியின் தென்கரையில் ஒரு மூங்கில் கழி. கழியில் கிழிந்த சிவப்புத் துணி. அதுதான் நகரக் கொடி.

அதை நட்டது கரிச்சி என்ற எருமை. அந்த இடத்தில் புதைசேறு. மேலே பார்த்தால் பச்சைப் புல். கால் வைத்தால் இழுத்துவிடும். கரிச்சியின் தலைக்கன்று அதில்தான் போயிற்று. இன்னொரு குட்டி போகக் கூடாது என்று, வண்ணான் துறையில் கிடந்த கந்தலைக் கொம்பில் மாட்டி வந்து கழியில் கட்டியது. விஷயம் அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. கொடியைக் கண்டு குட்டிகள் விலகி நடந்தன. ஒன்றும் விழவில்லை. ஆகவே சேறு இருப்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

நகர விழா வந்தது. சபையில் நரி எழுந்தது.

"தலைவரே! கொடியின் வரலாற்றை ஆராய்ந்துவிட்டேன்! சிவப்பு, வீரம்! ஓரத்துக் கிழிசல், நம் முன்னோர் தாங்கிய விழுப்புண்!"

"கழி?" என்றது தலைவர் மயில்.

"நிமிர்ந்த நெஞ்சு!"

"ஆஹா!"

"அது கந்தல்டா," என்றது கரிச்சி. "கீழே சேறு இருக்கு. புள்ளைங்க விழாம இருக்க நட்டேன்."

சபை சிரித்தது.

"எருமையக்காவுக்குச் சேத்தை விட்டா வேற நெனப்பு ஏது!" என்றது நரி.

"வீரக் கொடி தண்ணீர் ஓரத்திலா நிற்பது? குன்றுக்கு ஏற்றுங்கள்!" என்றது மயில்.

கரிச்சி மூன்று முறை சொல்லிப் பார்த்தது. நான்காவது முறை வாய் அலுத்துவிட்டது. காட்டுப்பன்றிகள் கழியைப் பிடுங்கிக்கொண்டு போயின. கழி இருந்த இடத்தில் கரிச்சியே போய் நின்றது. இரவும் பகலும் நின்றது. கால் வீங்கியது. மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

விழா நாளில் குட்டிகளெல்லாம் தாய்களோடும் தலைவர் மயிலோடும் ஏரிக்கரைக்கு வந்தன. நரி குன்றை அண்ணாந்து பார்த்தது.

"கொடி பாதிதான் தெரியுது! பிள்ளைகளே, என்னோடு பின்னோக்கி நடந்து வாருங்கள்! வீரத்தை முழுசாகப் பாருங்கள்!"

நரி சேற்றுப் பக்கமாகப் பின்னோக்கி நடந்தது. கண் குன்றின் மேல். குட்டிகளும் அப்படியே பின்னோக்கி நடந்தன.

"நில்லுங்க!" கரிச்சி வீங்கிய காலோடு பாய்ந்தது. முயல்குட்டிகளை முட்டித் தள்ளியது. மான்குட்டியை விளிம்பில் மறித்துப் புரட்டிவிட்டது. நரி மட்டும் எட்டவில்லை. புல் பிளந்தது. நரிக்கு இடுப்புவரை சேறு!

"அக்கா! காப்பாத்துங்க அக்கா!"

"கத்தாதே. கத்தினா இன்னும் உள்ளே போவே. வாலைப் பிடி."

இழுத்துப் போட்டது. நரி இருமியது. சேறு சொட்டச் சொட்ட மயிலைப் பார்த்தது.

"தலைவரே! கொடியில் ஒரு பழுப்புப் பட்டை சேர்க்கலாம். என் தியாகத்துக்கு அடையாளம்!"

தாய்மான் நடுங்கும் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தது. குன்றேறிக் கழியை வாயால் பிடுங்கி இழுத்து வந்தது. மயில் தடுக்கவில்லை.

"எங்கே நடணும், கரிச்சி?"

கரிச்சி கொம்பால் காட்டியது. கழி ஊன்றும் வரை நின்றது. அப்புறம்தான் படுத்தது.

காவலுக்கு நட்டதைப் பெருமைக்காகப் பிடுங்காதே.