பேரன் காலத்துக் கொத்தன்

முன்னொரு காலத்தில் மருதங்குளம் நாட்டைக் கொடிவேலன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது மரியாதைக்கு. நாட்டைப் பார்த்துக்கொண்டது அமைச்சர் அம்பலவாணர்தான். ராஜாவுக்கு மாதத்துக்கு ஓர் ஆசை வரும், அதைத் தீர்ப்பதற்கே நேரம் போதாது.

அந்த மார்கழியில் வந்தது வியாபார ஆசை. கிழக்கு வீதியில் பாழடைந்து கிடந்த மாளிகை ஒன்றை வாங்கிப்போட்டான். “இதைப் புதுப்பித்து, தை மாதம் வரப்போகிற முத்து வணிகருக்கு நல்ல விலைக்கு விற்கப்போகிறேன். கொத்தனைக் கூப்பிடுங்கள்!” என்றான்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பொன்னுரங்கம், அரண்மனை அதிகாரி வீரபத்திரரின் மைத்துனன். வீரபத்திரருக்கு அமைச்சரைக் கண்டாலே வயிறு எரியும். இன்னொருவன் சுடலையாண்டி. அவனை அழைத்து வந்தவர் அம்பலவாணரேதான். அவர் வீட்டு மாடியை அவன் போட்டுப் பன்னிரண்டு மழைக்காலம் ஆகியும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

“தை பிறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம் மகாராஜா” என்றான் பொன்னுரங்கம். மாளிகையை அவன் வாசலோடு பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“என் மைத்துனன் சொன்னால் சொன்னதுதான். சில பேர் சிபாரிசு செய்கிற ஆட்கள் மாதிரி இழுத்தடிக்க மாட்டான்” என்றார் வீரபத்திரர். ராஜா சிரித்தான். சபையும் சிரித்தது.

சுடலையாண்டியோ மேலே ஏறி, ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவன். “பெரிய கூடத்து உத்தரம் செல்லரிச்சுப் போச்சுங்க, மாத்தணும். சுண்ணாம்பைத் தண்ணி ஊத்தி நீத்து, கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்சு, தளம் போட்டு, அது இறுகவும் நாள் கொடுக்கணும். பங்குனி ஆயிடுங்க” என்றான்.

ராஜாவின் முகம் சுருங்கியது. வீரபத்திரர் அமைச்சரைப் பார்த்து இளித்தார். அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. தான் கொண்டுவந்த ஆளோடு சேர்ந்து தானும் கவிழ்ந்துவிடுவோம் என்று தோன்றியது. கொஞ்சம் வாதாடியிருந்தால் ராஜா கேட்டிருப்பான், கேட்கிற ராஜாதான். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

“அவசரமே இல்லை மகாராஜா! சுடலையாண்டி வேலையை முடிக்கும்போது, வணிகருடைய பேரன் வந்து விலை பேசுவான்!”

சபை குலுங்கியது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். சுடலையாண்டி அமைச்சரை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனான். அந்தப் பார்வையை அம்பலவாணர் அப்போது கவனிக்காதவர் போல் இருந்துவிட்டார்.

வேலை பொன்னுரங்கத்துக்குப் போனது. தை பிறந்தது. மாளிகை பளபளத்தது. முத்து வணிகர் மனைவியோடும் நான்கு குழந்தைகளோடும் வந்து இறங்கினார். குழந்தைகள் பெரிய கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்ததும் அம்பலவாணருக்குச் செல்லரித்த உத்தரம் நினைவுக்கு வந்தது. மறுநாள் விற்பனை. சும்மா சொன்னால் பொறாமை என்பார்கள். ஓர் உபாயம் செய்தார்.

“மகாராஜா, விற்பதற்கு முன் கட்டியவருக்கு அந்த வீட்டிலேயே விருந்து வைப்போம். மாடித் தளத்தில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது கொத்தர் வழக்கம். வடிகால்களை அடைத்து முழங்கால் அளவு தண்ணீர் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கீழே கூடத்தின் நட்டநடுவே பொன்னுரங்கத்துக்கும் வீரபத்திரருக்கும் இலை போடுவோம். வேறு யாருக்கும் அந்த இடத்தில் உட்காரத் தகுதியில்லை!”

கூடத்தில் இலை போட்டதும் வீரபத்திரர் பூரித்துப்போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்ற பொன்னுரங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

“எனக்கு இன்னிக்கு விரதம்.”

“காலையில் நான்கு தோசை சாப்பிட்டீர்களே!” என்றார் அமைச்சர்.

மேலே குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் பாய்ந்து வந்து வீரபத்திரரின் கையைப் பிடித்து இழுத்தான். “அத்தான், எழுந்திருங்க! உத்தரம் தாங்காது! செல்லரிச்ச பொக்கையில மண்ணை அடைச்சு மேல பூசியிருக்கேன்!”

அமைச்சர் கைகாட்டினார். தண்ணீர் நின்றது. ஒரு சாண்கூட நிரம்பியிருக்கவில்லை. ராஜா வீரபத்திரரின் பதவியைப் பிடுங்கினான், பொன்னுரங்கத்தை மண் சுமக்க அனுப்பினான், வணிகரிடம் பங்குனிவரை தவணை கேட்டான். பிறகு அமைச்சர் கழுத்தில் முத்துமாலையைப் போட்டான். “உம்முடைய புத்திக்கு ஈடே இல்லை! போய்ச் சுடலையாண்டியை அழைத்து வாரும்.”

கொத்தர் தெருவில் சுடலையாண்டி இல்லை. “யாரு, பேரன் காலத்துக் கொத்தனா?” என்று கேட்டான் ஒருவன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டதாம். அதற்குப் பிறகு ஒருவரும் வேலை கொடுக்கவில்லையாம். இரண்டு ஊர் தள்ளி, யாரோ ஒருவர் கட்டுகிற மதிலுக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். அமைச்சர் பல்லக்கிலிருந்து இறங்கி, முத்துமாலையைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

“சுடலையாண்டி, நான் செய்தது பெரிய தப்பு. எனக்குத் தெரிந்தே செய்தேன்.”

அவன் மாலையைத் தொடவில்லை. “நீங்க சொன்னது நல்ல வேடிக்கைதாங்க. வீட்டுல வந்து சொன்னேன், எம் மகளே சிரிச்சிட்டா. சிரிச்சுட்டு, அப்புறம்தான் என் மூஞ்சியைப் பார்த்தா.”

அம்பலவாணர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“வந்து வேலையைச் செஞ்சு கொடுக்கறேன். அந்தக் கூடத்துல பிள்ளைங்க விளையாடும்” என்றான் சுடலையாண்டி. “ஆனா முடியறவரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுங்க.”

பங்குனியில் வேலை முடிந்தது, வணிகர் குடியேறினார், ராஜாவுக்கு வேறு ஆசை வந்துவிட்டது. குடிபுகுந்த அன்று அமைச்சர் பட்டு வேட்டியும் வெற்றிலைத் தட்டுமாகக் கொத்தனுக்கு மரியாதை செய்யப் போனார். மாளிகை வாசலில் வணிகரின் மனைவிதான் நின்றாள்.

“விடியறதுக்கு முன்னாடியே குடும்பத்தோட கிளம்பிட்டாருங்க. இந்த ஊர்ல இனி கொத்துக்கரண்டி எடுக்கறதில்லைன்னு சொல்லிட்டாரு” என்றாள் அவள். அம்பலவாணர் அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.