வீட்டுக்காரர் பாட்டு

மாடியில் வாடகைக்கு இருந்த சுடரொளி, எதிரொலி வராமலிருக்கச் சுவரோரம் மெத்தையைச் சாய்த்து வைத்துப் படுக்கையறையிலேயே ஒரு முருகன் பாட்டு ஆல்பம் பதிவு செய்தாள். அதில் ஒரு பாட்டு வீட்டுக்காரர் தணிகாசலம் பாடியது. பாட ஆசைப்படும் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று எந்தக் குடித்தனக்காரர் சொல்லியிருக்கிறார்?

எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் இருப்பதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "என் வீட்டுல என் குரல்தான் ஓங்கி நிக்கணும். என் பாட்டை மட்டும் ஏத்தி வை. முடியாதுன்னா வீட்டைக் காலி பண்ணிடும்மா."

மறுநாள் சுடரொளி கீழே வந்து, ஆல்பத்தை அவர் வீட்டு டி.வி.யில் போட்டாள். "ஏத்திட்டேன் சார். ரிமோட்டை நீங்களே வச்சுக்கிட்டு முதல்லேருந்து ஒரு தடவை கேட்டுடுங்க."

தணிகாசலம் சோபாவில் சாய்ந்து, முதல் பாட்டுக்குத் தோதாகச் சத்தத்தை வைத்துத் தலையாட்டினார். அடுத்தது அவர் பாட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூளியில் கிடந்த பேரன் வீறிட்டான். மனிதர் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, குழந்தை அடங்கிய பிறகுதான் விரலை எடுத்தார்.

"இப்பதாங்க பாட்டு மாதிரி இருக்கு" என்றாள் அவர் மனைவி, சமையலறையிலிருந்து.

சுடரொளி பவ்யமாகச் சொன்னாள்: "அப்படியே விட்டுடுங்க சார். நான் முதல்ல வச்சிருந்த சத்தம் அதுதான்."