ஒரு மதிப்பெண் குறைந்த அணில்

ஒரு காட்டில் கரடியார் ஒருவர் மூலிகைக் கல்லூரி நடத்திவந்தார். கட்டடம் ஒன்றும் கிடையாது. ஓங்கி வளர்ந்த இலுப்பை மரம்தான் கல்லூரி. சேருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கிளை. கிளை கிடைத்துவிட்டால் போதும், படித்து முடித்து வைத்தியராகிவிடலாம்.

அந்தக் கிளைக்குத்தான் எத்தனை போட்டி! நுழைவுத் தேர்வில் கண்ணை இலையால் கட்டிவிடுவார்கள். நூறு வேர்களை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டுவார்கள். முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும்.

வஞ்சி என்ற அணிலுக்குச் சின்ன வயதிலிருந்தே வைத்தியராக ஆசை. விழுந்து விழுந்து படித்தது. வசம்பைச் சித்தரத்தை என்று சொல்லிக் கோட்டை விட்டதைத் தவிர, மற்ற தொண்ணூற்றொன்பது வேர்களையும் சரியாகச் சொல்லிவிட்டது. கிளையும் கிடைத்தது. குதித்த குதியில் வால் முடிகூட நாலு உதிர்ந்தது.

அந்தச் சந்தோஷம் மாலை வரைக்கும் நிற்கவில்லை. பக்கத்து மரத்து மைனா தாழை நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது.

அவ்வளவுதான், வஞ்சிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. "தாழைக்கு நூறாமே!" என்று கிளிகள் கத்திக்கொண்டு பறந்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டது. சோறு தண்ணீர் இறங்கவில்லை.

தாழை ஒரு நாவல்பழத்தோடு பறந்து வந்தது. "வஞ்சி, நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கிளை! தெரியுமா?"

"தெரியும், தெரியும்" என்றது வஞ்சி. பழத்தைத் தொடவில்லை. தாழை தன் மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. வஞ்சிக்கு அதுவும் பொறுக்கவில்லை. 'எவ்வளவு கர்வம் பார் இவளுக்கு!' என்று பொருமியது.

அன்றே அம்மாவிடம், "நான் அடுத்த வருடம் மறுபடி தேர்வு எழுதப் போகிறேன்" என்றது.

அம்மா கொறித்துக்கொண்டிருந்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டது. "எதற்கடி? கிளைதான் கிடைத்துவிட்டதே! மறுபடி எழுதுகிறவர்கள் கிளையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். கல்லூரிச் சட்டம் உனக்குத் தெரியாதா?"

"தாழை நூறு வாங்கியிருக்கிறாளே, அம்மா."

"வாங்கட்டுமே! அவளுக்கும் அதே மரம், உனக்கும் அதே மரம்."

"உனக்கு ஒன்றும் புரியாது" என்று வஞ்சி வெளியே ஓடியது. முள்ளம்பன்றியைக் கேட்டது. வேண்டாம் என்றது. உடும்பைக் கேட்டது. அதுவும் வேண்டாம் என்றது. கடைசியில் ஓணானைக் கேட்டது.

ஓணானைப் பற்றித்தான் காட்டுக்கே தெரியுமே! மழை வருமா என்றாலும் தலையாட்டும், வராதா என்றாலும் தலையாட்டும்.

"ஓணான் அண்ணா, என்னாலும் நூறு வாங்க முடியும், இல்லையா?"

ஓணான் தலையாட்டியது.

"அப்படியென்றால் மறுபடி எழுதுவதுதான் சரி?"

ஓணான் இன்னும் வேகமாகத் தலையாட்டியது.

"நீங்கள் ஒருவர்தான் அண்ணா என்னைப் புரிந்துகொண்டவர்!" என்று வஞ்சி நேரே கரடியாரிடம் போய்க் கிளையைத் திருப்பிக் கொடுத்தது.

"நன்றாக யோசித்துவிட்டாயா, அம்மா?"

"யோசித்துவிட்டேன், ஐயா."

கரடியார் பெருமூச்சு விட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார். ஓணான் தலையாட்டிக்கொண்டே மரத்தில் ஏறியது. வஞ்சி வெடுக்கென்று திரும்பி நடந்தது. 'போகட்டும். நூறு வாங்கிக்கொண்டு வந்து இவர்கள் மூக்கை உடைக்கிறேன்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டது.

மற்ற வேர்கள்தான் தெரியுமே, வசம்பு ஒன்றுதானே பாக்கி? வஞ்சி பொந்து நிறைய வசம்பைக் கொண்டுவந்து அடுக்கியது. எழுந்தால் வசம்பை முகர்ந்தது. தூங்கும்போதும் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டது. இலுப்பை மரத்திலிருந்து தாழையின் குரல் கேட்கும்போதெல்லாம் இரண்டு தடவை கூடுதலாக முகர்ந்தது.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. என்ன கொடுப்பது என்று வஞ்சிக்குத் தெரியவில்லை. தாழைதான் துளசியும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தது. அம்மாவுக்கு இருமல் நின்றது. ஆனால் வஞ்சிக்கு நெஞ்சு இன்னும் எரிந்தது.

தேர்வு நாள் வந்தது. கண்ணைக் கட்டினார்கள். முதல் வேரைக் காட்டினார்கள்.

"வசம்பு!" என்றது வஞ்சி.

"இல்லை, வெட்டிவேர். இது?"

வஞ்சி இழுத்து இழுத்து முகர்ந்தது. "இதுவும்... வசம்புதான்."

"இல்லை, இஞ்சி."

வருடம் முழுக்க வசம்பையே முகர்ந்த மூக்குக்குள் வேறு எந்த வாசனையும் நுழையவில்லை. நூறு தடவையும் வஞ்சி வசம்பு என்றே சொன்னது. ஒரு தடவை மட்டும் அது சரியாக இருந்தது. போன வருடம் விட்டுப்போன அந்த ஒரு மதிப்பெண் கிடைத்துவிட்டது. அது மட்டும்தான் கிடைத்தது.

மரத்தடியில் உட்கார்ந்து வஞ்சி தேம்பித் தேம்பி அழுதது. தாழை கீழே இறங்கி வந்தது.

"என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தாயா? நீ நூறு வாங்கினவள் ஆயிற்றே!"

"நூறா?" தாழை தலையைச் சாய்த்து யோசித்தது. "ஆமாம், வாங்கினேன் இல்லையா? மறந்தே போய்விட்டது, வஞ்சி. மேலே ஏறிய பிறகு யாருமே அதைக் கேட்கவில்லை."

வஞ்சி அண்ணாந்து பார்த்தது. அதன் கிளையில் ஓணான் உட்கார்ந்து மருந்து அரைத்துக்கொண்டிருந்தது.

"ஓணான் அண்ணா, நான் அந்தக் கிளையிலேயே இருந்திருக்கலாம், இல்லையா?"

ஓணான் தலையாட்டியது.

நீதி: விரும்பியது கிடைத்த பிறகும் அடுத்தவரைப் பார்த்துப் பொருமினால், கிடைத்ததும் கையை விட்டுப் போய்விடும்.