ஆமாம் போட்ட சாட்சிகள்

பவளங்காடு என்று ஒரு தேசம். ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் அதை நெடுங்கோ மாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் வேறு புத்தி. ஆனால் பேரவையைக் கூட்டி நாலு பேர் வாதாடுவதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தப் பேரவையில் தொண்டை கிழியப் பேசுகிறவர் ஆதிமூலர். எதிர் ஆசனத்தில் செங்கமலம் அம்மை. அவள் நீட்டி முழக்க மாட்டாள், கேள்விதான் கேட்பாள். அந்தக் கேள்விக்குக் கஜானா அதிகாரிக்கே வேர்த்துவிடும். ராஜா அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆதிமூலருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் ஓர் ஊரில் யாரோ ஏரி மதகைத் திறந்துவிட, அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் மூழ்கிப் போயிற்று. ராஜா விசாரணைக் குழு போட்டார். தலைவர் ஆதிமூலர். மதகுக் காவலன் இருளப்பனைக் கட்டி இழுத்துவந்து சபையில் நிறுத்தி, அவனை வாய் திறக்க விடாமல் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதட்டினார்.

"மதகைத் திறந்தது இந்த இருளப்பன்தானே?"

"ஆமாம் சாமி."

அடுத்தவனும் ஆமாம் என்றான். அதற்கடுத்தவனும் ஆமாம்.

"பிறகென்ன? இவன் கையை வெட்டுங்கள்" என்று ராஜா எழுந்துவிட்டார். இருளப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மகாராஜா, குழுவில் நானும் ஒருத்தி. நான் இன்னும் கேட்கவில்லையே" என்றாள் செங்கமலம்.

ஆதிமூலர் சிரித்தார். "அம்மையார் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பேசத்தான் காணோம்."

"ஒரே ஒரு கேள்வி" என்றார் ராஜா. "தீர்ப்பு மாறாவிட்டால் உன் ஆசனமும் போய்விடும்."

செங்கமலம் ஒரு சாட்சியிடம் போய், ஆதிமூலரைப் போலவே அதட்டினாள். "மதகைத் திறந்தது நம் மகாராஜாதானே?"

"ஆமாம் தாயே" என்றான் அவன் நடுங்கிக்கொண்டே. "மகாராஜாதான்."

சபையே வெலவெலத்துப் போயிற்று. ராஜாவின் கை உடைவாளுக்குப் போய்ப் பாதியில் நின்றது. "நான் அந்தப் பக்கமே போனதில்லையே" என்றார்.

"தெரியும் மகாராஜா. பயத்தில் நாம் கேட்டதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறார்கள். இதை நம்பி ஒருவன் கையை வெட்டலாமா?"

சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஓர் ஏழையின் கைக்காக ராஜாவையே குற்றவாளியாக நிறுத்தினாளே, அவளுக்கு எத்தனை நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

ராஜா இருளப்பனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். "இனி எந்த விசாரணைக்கும் நீதான் தலைவி. முதலிலிருந்து நடத்து."

செங்கமலம் சாட்சிகளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். "என்ன பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் சொன்னான்: "ஆதிமூலர் ஐயா வயல் காயுதுன்னு அவரோட ஆளுங்கதான் திறந்தாங்க தாயே. தடுத்த இருளப்பனை அடிச்சுப் போட்டுட்டாங்க." மற்றவர்களும் தயங்கித் தயங்கி, அவரவர் கண்டதைச் சொன்னார்கள்.

ராஜா ஆதிமூலர் பக்கம் திரும்பினார்.

"உம் களஞ்சியத்து நெல்லை எல்லாம் அந்த ஊருக்கு அளந்து கொடுத்துவிட்டு வீட்டோடு இரும்" என்றார் ராஜா. "சம்மதம்தானே?"

"ஆமாம் மகாராஜா."

"இந்த ஆமாம் செல்லும்" என்றார் ராஜா.